நன்மையும் தீமையும்: 17ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தும் கொட்டியாரத்தில் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸும்

மாணவர்களே, கண்டி இராச்சியத்தைப் பற்றிப் படிக்கும்போது ரொபர்ட் நொக்ஸ் என்ற பெயரை நீங்கள் சந்திப்பீர்கள். பரீட்சையில் அவரைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலானோர் "நொக்ஸ் ஓர் ஆங்கிலேயர், கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்தார், பின்பு நூல் எழுதினார்" என்று எழுதி நிறுத்திவிடுகின்றனர். அது சரியான விடைதான். ஆனால் "நொக்ஸ் தரும் செய்திகளை எந்த அளவுக்கு ஏற்கலாம்?" என்று வினா சற்றுத் திரும்பி வந்தால் எழுத ஒன்றும் இருக்காது.

அந்த வினாவுக்கு விடை எழுத வேண்டுமானால், நொக்ஸின் காலத்து ஆங்கிலேயர் நன்மை, தீமை என்பவற்றை எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதை அறிய வேண்டும். ஏனெனில் ஓர் எழுத்தாளர் "இவர்கள் நல்லவர்கள்", "இவன் கொடியவன்" என்று எழுதும்போது, தான் கண்டதோடு தன் காலத்தின் நம்பிக்கையையும் சேர்த்தே எழுதுகிறார். ஆங்கில இலக்கியத்தை ஒரு பாடமாக எடுத்தவர்களுக்கும் இக்கட்டுரை உதவும். நொக்ஸின் கதை தொடங்கும் இடம் நமக்கு அந்நியமானதுமல்ல. ஓர்ஸ் ஹில்லில் வசிக்கும் எங்களுக்குக் கொட்டியாரக் குடா தூரத்து இடமா என்ன?

1. காலப் பின்னணி

நொக்ஸ் 1641இல் இலண்டனில் பிறந்தார். அவருடைய பிள்ளைப் பருவம் முழுவதும் இங்கிலாந்து கொந்தளித்துக் கொண்டிருந்தது. 1642இல் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்குமிடையே உள்நாட்டுப் போர் மூண்டது. 1649இல் முதலாம் சார்ள்ஸ் மன்னன் சிரச்சேதம் செய்யப்பட்டான். 1660இல் மீண்டும் மன்னராட்சி வந்தது. போரிட்ட இரு பகுதியினரும் கடவுள் தம் பக்கமே நிற்கிறார் என்றும், எதிர்ப் பகுதியினரைச் சாத்தான் ஆட்டுவிக்கிறான் என்றும் நம்பினர். சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட பெண்கள் சட்டப்படி தூக்கிலிடப்பட்ட காலமும் அதுவே. எனவே அக்காலத்தில் நன்மை, தீமை பற்றிய கேள்வி தேவாலயத்தோடு நின்றுவிடவில்லை. அது அரசியலிலும் நீதிமன்றத்திலும் வீட்டிலும் உயிரோடு விளையாடிய கேள்வியாகும்.

2. அக்கால ஆங்கில எழுத்தில் காணப்படும் நான்கு கருத்துகள்

(அ) தீமை வெளியிலிருந்து வந்து மனிதனைச் சோதிக்கிறது. கிறிஸ்தோபர் மார்லோவின் "டொக்டர் ஃபோஸ்ரஸ்" நாடகத்தில் கற்றறிந்த ஒருவன் 24 ஆண்டுச் சுகத்துக்காகத் தன் ஆன்மாவைச் சாத்தானுக்கு எழுதிக் கொடுக்கிறான். நல்ல தூதனும் கெட்ட தூதனும் மேடையிலேயே வந்து அவனிடம் பேசுகின்றனர்.

(ஆ) தீமை மனிதனின் சொந்தத் தெரிவாகும். ஷேக்ஸ்பியரின் "மக்பெத்" நாடகத்தில் சூனியக்காரிகள் எதிர்காலத்தைக் கூறுகின்றனர். ஆனால் "மன்னனைக் கொல்" என்று அவர்கள் கட்டளையிடவில்லை. கொலை செய்ய முடிவெடுப்பவன் மக்பெத்தே. ஜோன் மில்டன் 1667இல் வெளியிட்ட காப்பியத்தில் ஆதாமும் ஏவாளும் சுதந்திரமாகத் தெரிவு செய்யும் ஆற்றலோடு படைக்கப்பட்டவர்கள். ஆகவே விழுந்ததற்கான பொறுப்பும் அவர்களுடையதே. இதே மில்டன் 1644இல் நூல் தணிக்கையை எதிர்த்து எழுதியபோது, இவ்வுலகில் நன்மையும் தீமையும் பிரித்தெடுக்க முடியாதவாறு கலந்து வளர்கின்றன என்ற கருத்தை முன்வைத்தார்.

(இ) துன்பம் இறைவன் தரும் சோதனையாகும். ஜோன் பன்யன் 1660இல் கைதாகி, 12 ஆண்டுகள் வரை சிறையிலிருந்தவர். 1678இல் அவர் வெளியிட்ட நூலைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் "மோட்சப் பிரயாணம்" என்ற பெயரில் அறிவர். எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் "இரட்சணிய யாத்திரிகம்" (1894) அதனைத் தழுவி எழுந்த தமிழ்க் காப்பியமாகும். மனித வாழ்க்கை ஒரு பயணம், வழியில் நேரும் இடர்கள் யாவும் விசுவாசத்தைப் பரிசோதிப்பவை என்பதே அதன் அடிப்படை.

(ஈ) நன்மை, தீமை என்பன நாம் இடும் பெயர்கள். தோமஸ் ஹொப்ஸ் 1651இல் வெளியிட்ட "லெவியத்தான்" என்னும் நூலில், மனிதன் தான் விரும்புவதை நல்லது என்றும் வெறுப்பதைத் தீயது என்றும் அழைக்கிறான் என்றார். அக்காலத்தவர் பலருக்கு இக்கருத்து பெரும் அதிர்ச்சியைத் தந்தது.

இவற்றைத் திருக்குறளோடு ஒப்பிட்டு நோக்கினால் வேறுபாடு எளிதில் விளங்கும். வள்ளுவர் "தீவினையச்சம்" என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அங்கே அஞ்சப்பட வேண்டியது தீய செயல். சாத்தான் போன்ற ஒருவனல்ல. மேலே (அ) பிரிவில் கண்ட எழுத்திலோ தீமைக்கு ஓர் உருவமும் பெயரும் குரலும் உண்டு. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு நொக்ஸிடம் செல்வோம்.

3. கொட்டியாரத்தில் நடந்தது

நொக்ஸின் தந்தையின் பெயரும் ரொபர்ட் நொக்ஸ் என்பதே. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனிக்காகச் சென்ற "ஆன்" என்னும் கப்பலின் தலைவர் அவர். 1659 நவம்பரில் இந்தியாவின் கிழக்குக் கரையில் வீசிய புயலில் அக்கப்பல் பாய்மரத்தை இழந்தது. புதிய மரம் வெட்டிப் பொருத்தவும் சிறிது வியாபாரம் செய்யவும் கொட்டியாரக் குடாவுக்கு வந்து நங்கூரமிட்டனர். சில காலம் எல்லாம் சுமுகமாகவே நடந்தது. பின்பு கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் திசாவை படைவீரரோடு வந்தான். புளியமரமொன்றின் கீழ் அமர்ந்திருந்த கப்பல் தலைவர் வளைத்துப் பிடிக்கப்பட்டார். மொத்தம் 16 பேர் கைதாயினர். இது 1660 ஏப்ரலில் நடந்தது. இதன் நினைவாக 1893இல் மூதூரில் ஒரு கல் நாட்டப்பட்டது.

மன்னன் ஏன் இவ்வாறு செய்தான்? 1638இல் போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தவன் இராஜசிங்கன். 1658இல் போர்த்துக்கேயர் முற்றாக வெளியேறினர். ஆனால் பிடித்த கரையோரத்தை ஒல்லாந்தர் தம்மிடமே வைத்துக்கொண்டனர். அவ்வாறு ஏமாந்த மன்னனின் துறையில், கடிதமோ காணிக்கையோ இன்றி இன்னொரு ஐரோப்பியக் கப்பல் வந்து நின்றது. அவன் ஐயுற்றதற்குக் காரணம் இருந்தது என்பதை மறக்கலாகாது.

இந்த இடத்தில் 19 வயது இளைஞனான நொக்ஸுக்கு ஒரு சோதனை வந்தது. கப்பலை ஆற்றினுள் கொண்டுவரச் செய்ய வேண்டுமென்று திசாவை விரும்பினான். மாலுமிகளிடம் சொல்ல மகனை அனுப்பலாம் என்று தந்தை இணங்கினார். ஆனால் கப்பல் ஆற்றுக்குள் வரக்கூடாது, அது பாதுகாக்கப்பட வேண்டும் என்று மகனிடம் கூறினார். தன்னை இந்நிலையில் கைவிடாமல் திரும்பி வரவேண்டும் என்றும் மகனிடம் வாக்கு வாங்கினார். நொக்ஸ் கப்பலுக்குச் சென்றார். அங்கேயே தங்கியிருந்தால் தப்பியிருக்கலாம். அவரோ கொடுத்த வாக்குப்படி கரைக்குத் திரும்பி வந்து கைதியானார்.

திரும்பும்போது, "தலைவரின் கட்டளைக்கு நாங்கள் பணியமாட்டோம்" என்ற பொருள்பட மாலுமிகளிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி வந்தார். கப்பல் வராத பழி தந்தைமேல் விழாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. அதாவது வாக்குத் தவறாமை என்ற நன்மையும், திசாவையை ஏமாற்றுதல் என்ற செயலும் ஒரே பயணத்தில் நிகழ்ந்தன. முதலாவதை நொக்ஸ் இறைவன் முன் செய்த கடமையாக எழுதுகிறார். இரண்டாவதைக் குற்றமாக அவர் கருதியதாகத் தெரியவில்லை. உயிராபத்தில் அதனை நாமும் பெரிய குற்றமென்று சொல்லமாட்டோம். ஆயினும், பின்னர் கண்டி மக்களைப் பற்றி எழுதும்போது, பொய் சொல்வதை வெட்கக்கேடாகக் கருதாதவர்கள் என்று இதே நொக்ஸ் குறைகூறுகிறார். இந்த இரு இடங்களையும் சேர்த்து வாசிக்கும் மாணவர் நொக்ஸை நன்கு விளங்கிக்கொண்டவராவார்.

4. நொக்ஸ் கண்ட தீமை

தந்தையும் மகனும் காட்டுக் காய்ச்சலால் வருந்தினர். தந்தை 1661 பெப்ரவரியில் இறந்தார். அதன்பின் நொக்ஸ் ஏறக்குறைய 19 ஆண்டுகள் கண்டி இராச்சியக் கிராமங்களில் வாழ்ந்தார். 1679இல் ஸ்ரீபன் ரட்லண்ட் என்ற சக கைதியோடு அநுராதபுரம் வழியாகக் காட்டினூடே நடந்து, ஒக்டோபர் 18இல் மன்னார்ப் பகுதியிலுள்ள அரிப்பு ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தார். 1680இல் இங்கிலாந்து சேர்ந்தார். 1681இல் இலங்கைத் தீவு பற்றிய அவரது நூல் இலண்டனில் வெளியாயிற்று. நாட்டின் இயல்பு, மன்னனும் ஆட்சியும், மக்களும் சமயமும், தனது சிறைவாசமும் தப்பியமையும் என அது நான்கு பகுதிகளைக் கொண்டது.

அந்நூலில் தீமை இரு உருவங்களில் வருகிறது. ஒன்று மன்னன். இராஜசிங்கனை இரக்கமற்ற கொடுங்கோலனாகவே நொக்ஸ் சித்திரிக்கிறார். யானையைக் கொண்டு மரணதண்டனை நிறைவேற்றும் படமும் நூலில் உண்டு. 1664இல் மன்னனுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியையும் விவரிக்கிறார்.

மற்றையது பேய். இரவில் நாய் குரைப்பதைப் போன்ற கூர்மையான ஒரு குரல் கேட்கும் என்றும், அதனைத் தானே பலமுறை கேட்டதாகவும் நொக்ஸ் எழுதுகிறார். அது சாத்தானின் குரலே என்பதற்குக் காரணங்களும் தருகிறார். அவ்வாறு கத்தும் பிராணி எதனையும் ஊரார் அறியார். ஓரிடத்தில் கேட்ட குரல் பறவை பறக்கும் வேகத்தையும் விஞ்சி வேறோர் இடத்தில் கேட்கிறது. நாய்களும் அதைக் கேட்டு நடுங்குகின்றன. அக்குரல் கேட்கும் வேளையை ஒட்டி மன்னன் யாருக்காவது மரணதண்டனை விதிக்கிறான் என்ற ஊராரின் நம்பிக்கையைத் தானும் அவதானித்ததாகக் கூறுகிறார். ஆனால் அக்குரல் எவருக்கும் தீங்கு செய்ததாகத் தான் கேள்விப்படவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார்.

இந்தப் பகுதியைக் கூர்ந்து கவனியுங்கள். குரல் கேட்டது அவதானம். அது எப்படி ஒலித்தது என்பதும் அவதானம். "அது சாத்தான்" என்பது முடிவு. சிங்களத்தில் "உலமா" என வழங்கும் இக்குரலைக் காட்டில் வாழும் பெரிய ஆந்தை இனமொன்றின் குரலென்று இன்று பலர் கருதுகின்றனர். நொக்ஸ் பொய் சொல்லவில்லை. அவர் காதில் விழுந்தது உண்மை. அதற்குப் பெயரிட்டபோது, இங்கிலாந்திலிருந்து மனதில் சுமந்து வந்த பெயரையும் கிராமத்தவர் சொன்ன பெயரையும் ஒன்றாக்கிக்கொண்டார்.

5. நொக்ஸ் கண்ட நன்மை

தம்மைப் பிடித்தவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று குறிப்பிடும் நொக்ஸ், அதே நூலில் எழுதியுள்ள வேறு செய்திகளையும் பாருங்கள்.

• கைதிகள் இருட்டறையில் அடைக்கப்படவில்லை. கிராமங்களில் பிரித்துத் தங்கவைக்கப்பட்டனர். ஊரவர் அவர்களுக்கு உணவு கொடுத்தனர்.

• களவை இம்மக்கள் மிகவும் வெறுத்தனர்.

• தாழ்நிலத்தில் வாழ்வோர் இரக்கமும் நேர்மையும் உள்ளவர்கள், அந்நியருக்கு உதவுபவர்கள். இதனைத் தம் சொந்த அனுபவத்திலே கண்டதாகச் சொல்கிறார்.

• நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். கைதி ஒருவர் இவ்வாறு பிழைக்க முடிந்ததென்றால் அயலவர் அவரோடு நம்பிக்கையாகக் கொடுக்கல் வாங்கல் செய்தனர் என்பது பெறப்படும்.

• முதியவர் ஒருவரிடம் இருந்த ஆங்கில வேதாகமம் ஒன்று நொக்ஸுக்குக் கிடைத்தது. அதற்கு அவர் கொடுத்த விலை ஒரு பின்னல் தொப்பி. இதனை இறைவனின் பெருங்கருணை என்று கொண்டாடுகிறார். முன்பு (இ) பிரிவில் கண்ட கருத்து இங்கே தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் மலைநாட்டவர் வெளியே இனிமையாகவும் உள்ளே பொய்யாகவும் நடப்பவர்கள் என்று ஒரேயடியாக எழுதிவிடுகிறார். தாழ்நிலத்தவர் நல்லவர், மலைநாட்டவர் கெட்டவர் என்று ஊரை இரண்டாகப் பிரிப்பது வாசிக்க எளிது. ஒரு பகுதியில் நல்லவர் மட்டுமே பிறப்பதும் மறுபகுதியில் கெட்டவர் மட்டுமே பிறப்பதும் நடக்கக்கூடியதா? தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் திருகோணமலையில் இத்தகைய பேச்சை நாம் கேட்காதவர்களல்லர். அப்பேச்சு என்ன விளைவைத் தரும் என்பதும் இம்மாவட்டத்தவருக்குப் புத்தகம் பார்த்துத் தெரியவேண்டிய விடயமல்ல.

6. நாடு திரும்பிய நொக்ஸ்

நொக்ஸின் நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. டச்சு, ஜேர்மன், பிரெஞ்சு மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. டானியல் டிஃபோ 1720இல் வெளியிட்ட "கப்டன் சிங்கிள்ற்றன்" நாவலில் நொக்ஸின் கதையைச் சுருக்கித் தருகிறார்.

நூலோடு நொக்ஸின் கதை முடிந்துவிடவில்லை. கம்பனி அவரைக் கப்பல் தலைவராக்கியது. 1680களில் அவரது கப்பல் மடகஸ்காருக்குச் சென்று, அடிமைகளை வாங்கி, கம்பனிக்குச் சொந்தமான சென் ஹெலினா தீவுக்குக் கொண்டுசெல்லும் பணியில் ஈடுபட்டது. சொந்த மண்ணிலிருந்து பிரிக்கப்பட்டு, விருப்பமின்றி அந்நிய நாட்டில் வைத்திருக்கப்படுவது எத்தகையது என்பதை அக்காலத்தில் அவரைவிட நன்கு அறிந்தவர் சிலரே இருந்திருப்பர். அப்படிப்பட்டவரே மற்றவர்களை அந்நிலைக்கு ஆளாக்கினார்.

கொட்டியாரத்தில் தன்னைப் பிடித்ததைக் கொடுமை என்ற நொக்ஸ், மடகஸ்காரில் நடந்ததை வியாபாரமாகச் செய்தார். ஹொப்ஸ் சொன்னதை இங்கே நினைவுகூருங்கள். நமக்கு நேர்வதைத் தீமை என்போம். நமக்கு இலாபம் தருவதற்கு வேறு பெயர் இடுவோம். இதனால் நொக்ஸ் கெட்டவர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அப்படிச் செய்தால் மலைநாட்டவர் விடயத்தில் அவர் செய்ததையே நாமும் செய்தவர்களாவோம். தந்தைக்குக் கொடுத்த வாக்குக்காகக் கரைக்குத் திரும்பிய இளைஞரும் அடிமைக் கப்பலை நடத்திய தலைவரும் ஒருவரே. ஒரு மனிதரிடத்தில் இரண்டும் கலந்தே இருக்கும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்றாகும்.

7. பரீட்சையில் பயன்படுத்தும் முறை

ஓர் இலக்கிய மூலாதாரத்தைப் பற்றி எழுதும்போது இம்மூன்று கேள்விகளையும் ஒழுங்காகக் கேளுங்கள்.

1. எழுதியவர் நேரிற் கண்டது எது? பிறர் சொல்லக் கேட்டது எது?
2. "நல்ல", "தீய", "கொடிய" என்ற சொற்கள் எங்கே வருகின்றன? அச்சொற்களை எடுத்துவிட்டால் மிஞ்சும் செய்தி என்ன?
3. எழுதியவர் அப்போது எந்த நிலையில் இருந்தார்? கைதியா, விருந்தினரா, வியாபாரியா?

மாதிரி வினா: கண்டி இராச்சிய மக்களின் வாழ்க்கையை அறிய நொக்ஸின் நூல் நம்பகமான மூலாதாரமா? காரணங்காட்டுக.

மாதிரி விடை: நொக்ஸ் 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியக் கிராமங்களில் வாழ்ந்தவர். எனவே உணவு, தொழில், கொடுக்கல் வாங்கல், வழிபாடு முதலியன பற்றி அவர் நேரிற் கண்டு கூறும் செய்திகள் பெறுமதி வாய்ந்தவை. ஆயினும் அவர் மன்னனின் கைதியாகவும் சமயப் பற்றுமிக்க கிறிஸ்தவராகவும் இருந்தமையால், மன்னனைப் பற்றியும் உள்ளூர் வழிபாட்டைப் பற்றியும் அவர் கூறும் தீர்ப்புகளை அவ்வாறே ஏற்கமுடியாது. உதாரணமாக, இரவில் கேட்ட குரலை அவர் விவரிப்பது அவதானமாகும்; அதனைச் சாத்தானின் குரல் என்பது அவரது நம்பிக்கையாகும். அவதானத்தையும் தீர்ப்பையும் பிரித்து நோக்கினால் இந்நூல் மிகச் சிறந்த மூலாதாரமாகும்.

இவ்விடையில் ஆண்டு, காரணம், உதாரணம், முடிவு ஆகிய நான்கும் இருப்பதைக் கவனியுங்கள். புள்ளிகள் கிடைப்பது இவற்றுக்கே. "நொக்ஸ் பக்கச்சார்பானவர்" என்று மட்டும் எழுதினால் அதுவும் காரணமில்லாத ஒரு தீர்ப்பாகவே நிற்கும்.

பயிற்சி வினாக்கள்

1. 17ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தில் காணப்பட்ட நன்மை, தீமை பற்றிய இரு கருத்துகளை உதாரணத்துடன் விளக்குக.
2. இரண்டாம் இராஜசிங்கன் ஐரோப்பியர் மீது ஐயங்கொள்ளக் காரணமான இரு நிகழ்வுகளை ஆண்டுகளுடன் தருக.
3. நொக்ஸ் கப்பலிலிருந்து கரைக்குத் திரும்பிய நிகழ்ச்சியில் நன்மையும் தீமையும் எவ்வாறு ஒன்றுசேர்ந்து காணப்படுகின்றன?
4. கொட்டியாரத்துத் திசாவை தன் மன்னனுக்கு இச்சம்பவத்தைப் பற்றி ஓர் அறிக்கை எழுதியிருந்தால், அதில் "தீயவர்" என்று யார் குறிப்பிடப்பட்டிருப்பர்? 100 சொற்களில் எழுதுக.

நான்காவது வினாவுக்குச் சரியான விடை என ஒன்று இல்லை. ஆனால் அதனை எழுதிப் பார்த்தவர், மற்ற மூன்றுக்கும் முன்னரைவிட நல்ல விடை எழுதுவார்.